சிதறிக் கிடக்கும் பாட ஸ்லைடுகள்: தேடினால் கிடைக்கும் ஒரே நூலாக்குவது எப்படி?

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், தேர்வுக்கு முந்தைய வாரம் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "படிக்க வேண்டியதெல்லாம் எடுத்து வெச்சிட்டியாம்மா?" என்று தந்தை கேட்பார். "எல்லாம் போன்லதான் இருக்கு வாப்பா" என்று மகள் சொல்வாள். அவள் சொல்வது உண்மைதான். எல்லாம் போனில்தான் இருக்கிறது. போனில் எங்கே இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியாது.

இன்று பல பேராசிரியர்கள் ஸ்லைடு போட்டுத்தான் பாடம் நடத்துகிறார்கள். வகுப்பு முடிந்ததும் அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோப்புகள் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பாடங்களுக்கு ஐம்பது அறுபது ஆகிவிடும். சில பவர்பாயின்ட் கோப்புகள், சில பிடிஎஃப், சில திரையைப் பார்த்து யாரோ எடுத்த போட்டோக்கள். ஒன்றின் பெயர் 'யூனிட் 2 ஃபைனல்', இன்னொன்றின் பெயர் 'யூனிட் 2 ஃபைனல் நியூ'. மீதி எல்லாம் வெறும் எண்கள். போனில் இடம் நிறைந்துவிட்டது என்று தம்பி எதையாவது அழித்தால் அதோடு பாடமும் போய்விடும். சில மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் பழைய கோப்பைத் தட்டினால் பல நேரம் அது மீண்டும் இறங்குவதில்லை. அனுப்பியவரிடமே கெஞ்சி வாங்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. தந்தை வெளிநாட்டு வெயிலில் நின்று அனுப்பும் பணம் கல்லூரிக் கட்டணமாகிறது. பல வீடுகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரப்போவது அந்தப் பெண் பிள்ளைதான். பாடம் புரியாமல் அரியர் விழுந்தால் அது வேறு விஷயம். கையில் இருந்த பாடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அரியர் விழுவது வருத்தத்துக்குரியது. ஆசிரியர் நம்மிடம் ஒப்படைத்த இல்ம் ஓர் அமானிதம். அதை வாங்கி வைப்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்கவும் வேண்டும்.

இதற்கு எளிய வழி, ஒரு பாடத்தின் எல்லா ஸ்லைடுகளையும் ஒரே பிடிஎஃப் நூலாகச் சேர்ப்பது. அதில் சொல்லைத் தட்டினால் பக்கம் வர வேண்டும். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணையும் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன், இந்த வேலை நமக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் இமாம்கள் செய்த வேலை

ஹதீஸ்களைத் திரட்டியது எவ்வளவு பெரிய பணியோ, அவற்றை ஒழுங்குபடுத்தியதும் அவ்வளவு பெரிய பணி. இமாம் அஹ்மத் (ரஹ்) தமது முஸ்னதை ஸஹாபாக்களின் பெயர்வாரியாக அமைத்தார்கள். அறிவித்த ஸஹாபி யார் என்று தெரிந்தவருக்கு அது வசதி. இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவைத் தொழுகை, ஜகாத், நோன்பு என்று பொருள்வாரியாக அமைத்தார்கள். சட்டம் தேடி வருபவருக்கு அது வசதி. தேடி வருபவர் யார், அவர் கையில் என்ன தகவல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒழுங்கு அமைகிறது.

இமாம் புகாரி (ரஹ்) இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். நிய்யத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் ஏழு இடங்களில் வருகிறது. வஹீயின் ஆரம்பம், ஈமான், அடிமை விடுதலை, அன்சாரிகளின் சிறப்பு, நிகாஹ், சத்தியங்கள், தந்திரங்கள் என்று ஏழு பாடங்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஒரே செய்தி பல கேள்விகளுக்குப் பதிலாக அமையும் என்பதை இந்த அமைப்பு நமக்குக் காட்டுகிறது. அந்த நூலின் பாபுத் தலைப்புகளை ஆய்ந்தே உலமாக்கள் தனி நூல்கள் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு அட்டவணை நூல்கள் வந்தன. ஹிஜ்ரி 742ல் வஃபாத்தான இமாம் மிஸ்ஸி (ரஹ்) அவர்களின் துஹ்ஃபதுல் அஷ்ராஃப், ஹதீஸின் தொடக்கப் பகுதியைக் குறிப்பிட்டு அது ஆறு நூல்களில் எங்கே இருக்கிறது என்று காட்டும். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாக்கி (ரஹ்), குர்ஆனின் சொற்களுக்கு அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ் என்ற சொல்லடைவைத் தந்தார்கள். ஒரு சொல் நினைவிருந்தால் போதும், வசனத்தை எடுத்துவிடலாம். ஒன்பது ஹதீஸ் நூல்களுக்கான இதே போன்ற சொல்லடைவு லைடனில் அச்சானது. அதன் முதல் தொகுதி 1936லும் ஏழாம் தொகுதி 1969லும் வந்தன. கணினி இல்லாத காலத்தில் தேடும் வசதிக்காக மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அந்த வேலையில் பெரும்பகுதியை இன்று நம் பிள்ளையின் லேப்டாப் சில நிமிடங்களில் செய்துவிடும். மீதிப் பகுதியைப் பிள்ளைதான் செய்ய வேண்டும்.

முதல் வேலை: திரட்டுவதும் பெயரிடுவதும்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவி. பாடம், டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு வழக்கமாக ஐந்து யூனிட். அவளிடம் மொத்தம் பதினான்கு ஸ்லைடு கோப்புகள் இருக்கின்றன என்று கொள்வோம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப், ஈமெயில், தோழியின் பென்டிரைவ் என்று எங்கிருந்தாலும் சரி. மூலக் கோப்புகளை அப்படியே ஒரு ஃபோல்டரில் பூட்டி வைத்துவிட்டு, நகல் எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும். இடையில் ஏதாவது கெட்டால் மூலம் கையில் இருக்கும்.

அடுத்து பெயர். ஒவ்வொரு கோப்பின் பெயரும் எண்ணில் தொடங்கட்டும்: '01 அடிமை வம்சம்', '02 கில்ஜிகள்', '03 துக்ளக்குகள்' என்று. ஒன்றுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று கேட்கலாம். பூஜ்யம் இல்லாவிட்டால் பல கருவிகள் 1, 10, 11, 12 என்று அடுக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் 2ஐ வைக்கும். பாடம் தலைகீழாகிவிடும். பழைய கையெழுத்துக் கிதாபுகளில் பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏடுகள் கலைந்தாலும் மீண்டும் வரிசைப்படுத்த அது உதவும். இந்த இரண்டு இலக்க எண்ணுக்கும் அதே வேலைதான்.

பெயரோடு ஆசிரியரின் பெயரையும் வகுப்பு நடந்த தேதியையும் சேர்ப்பது நல்லது. ஹதீஸுக்கு இஸ்னாத் எப்படியோ, பாடக் குறிப்புக்கும் அப்படித்தான். 'இது யார் சொன்னது, எப்போது சொன்னது' என்று தெரியாத ஸ்லைடு, தேர்வில் சந்தேகம் வரும்போது கைகொடுக்காது. ஒரே யூனிட்டுக்கு இரண்டு பதிப்புகள் இருந்தால், ஆசிரியர் கடைசியாகத் திருத்தி அனுப்பியது எது என்று அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வேலை: பிடிஎஃப் ஆக்குவது

பவர்பாயின்ட் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கத் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. பவர்பாயின்டிலேயே சேமிக்கும்போது வகையைப் பிடிஎஃப் என்று மாற்றினால் போதும். பவர்பாயின்ட் இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கூகுள் ஸ்லைட்ஸிலும் கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆகப் பதிவிறக்கலாம். போன் மட்டுமே உள்ளவர்களுக்கு இந்த மூன்றாவது வழி பொருந்தும்.

மாற்றும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, ஸ்லைடு எண். ஒவ்வொரு ஸ்லைடிலும் அதன் எண் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுவதற்கு முன்பே, செருகும் பட்டியலில் உள்ள ஸ்லைடு எண் வசதியைப் போட்டுவிடுங்கள். இதன் பயன் அட்டவணை போடும்போது தெரியும்.

இரண்டு, குறிப்புகள். சில பேராசிரியர்கள் ஸ்லைடில் நான்கு வரி மட்டும் போட்டுவிட்டு, விளக்கத்தை அடியில் உள்ள குறிப்புப் பகுதியில் எழுதியிருப்பார்கள். சாதாரணமாகப் பிடிஎஃப் ஆக்கினால் அந்தக் குறிப்புகள் வராது. குறிப்புப் பக்கங்கள் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் ஸ்லைடும் குறிப்பும் சேர்ந்து வரும். சில நேரம் பாடத்தின் உயிரே அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

மூன்று, அசைவுகள். ஒன்றன் மேல் ஒன்றாகத் தோன்றி மறையும்படி அமைத்த எழுத்துகளும் படங்களும் பிடிஎஃபில் ஒரே பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கும். அப்படிப்பட்ட ஸ்லைடு ஒன்றிரண்டுதான் இருக்கும். நகலில் அவற்றை இரண்டு ஸ்லைடுகளாகப் பிரித்துவிட்டு மாற்றினால் சரியாகிவிடும்.

மூன்றாவது வேலை: ஒன்று சேர்ப்பது

பதினான்கு பிடிஎஃப்களையும் ஒன்றாக்க, பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். கோப்புகளை வரிசையாக உள்ளே போட்டு, சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் ஒரே கோப்பாகிவிடும். அதற்கு முன் அமைப்புகளில் மூன்றைக் கவனியுங்கள். சேர்க்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புக்மார்க் உருவாக்கச் சொல்லலாம். கோப்புப் பெயர்களைக் கொண்டே முன்பக்கத்தில் பொருளடக்கம் உருவாக்கச் சொல்லலாம். பக்கத்தின் அடியில் மூலக் கோப்பின் பெயரை அச்சிடச் சொல்லலாம். நாம் கோப்புகளுக்குக் கவனமாகப் பெயரிட்டதன் பலன் இங்கே கிடைக்கிறது. புக்மார்க்கைத் தட்டினால் பிள்ளை நேராகத் துக்ளக்குகளின் பாடத்துக்குப் போய்விடுவாள். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அது யாருடைய எந்த வகுப்பு என்பது அடியில் இருக்கும்.

இணையதளத்தில் ஏற்றிச் சேர்த்துத் தரும் சேவைகளும் நிறைய உண்டு. பாட ஸ்லைடுக்கு அவற்றைப் பயன்படுத்துவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அதே பழக்கத்தில் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் போன்றவற்றையும் முன்பின் தெரியாத தளங்களில் ஏற்றிவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

நான்காவது வேலை: தேடினால் கிடைக்கிறதா என்று சோதிப்பது

ஒன்று சேர்த்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சேர்ந்த கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் பொத்தானோடு எஃப் அழுத்தி ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் சொல்லையே 'இல்லை' என்று சொன்னால், காரணம் பெரும்பாலும் கீழுள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம், அந்தப் பக்கம் வெறும் படம். போட்டோ எடுத்த ஸ்லைடும் ஸ்கேன் செய்த பக்கமும் நமக்கு எழுத்தாகத் தெரிந்தாலும் கணினிக்குப் படம்தான். மவுஸால் இழுத்து ஓர் எழுத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது படம் என்று புரிந்துகொள்ளலாம். இதற்கு ஓசிஆர் என்ற எழுத்தறியும் வசதி வேண்டும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவசக் கருவி, பக்கத்தின் தோற்றத்தை மாற்றாமல் அதன் பின்னால் தேடக்கூடிய எழுத்துகளைப் பதித்துவிடும். கணினி தெரிந்த அண்ணனோ மாமாவோ நிறுவித் தரலாம். தமிழ் மொழிக் கோப்பையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அது சிரமம் என்றால், படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பிரித்துத் தரும். தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் எழுத்தறியும் கருவி தவறு செய்யும். தமிழில் 'ர'வும் துணைக்காலும் அதற்குக் குழப்பம். எண்களிலும் தவறலாம். பானிப்பட் போர் 1526 என்பது வேறு ஆண்டாகப் பதிவாகிவிட்டால் தேடும்போது கிடைக்காது. எனவே ஆண்டுகளையும் பெயர்களையும் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது காரணம், பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஸ்லைடுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். நாம் யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் அது எப்படிக் கிடைக்கும்? இப்படிப்பட்ட ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கும் முன்பே எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறைய இருந்தால் அதைவிட எளிது, அந்தப் பக்கங்களைப் படமாகக் கருதி ஓசிஆர் செய்துவிடுவது.

மூன்றாவது காரணம், தமிழ் எழுத்தின் இயல்பு. 'கெ', 'கே', 'கொ' போன்றவற்றில் கொம்பு முன்னால் நிற்கிறது. சில பிடிஎஃப்களில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பதிவாகிவிடும். 'அரசு' என்று தேடினால் கிடைக்கும், 'கோட்டை' என்று தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். எழுத்துகள் குலைந்து வந்தால் இதுதான் சிக்கல். வேறொரு மென்பொருள் மூலம் மீண்டும் பிடிஎஃப் ஆக்கிப் பார்க்கலாம். அப்போதும் சரியாகாவிட்டால் கொம்பு இல்லாத சொற்களைக் கொண்டு தேடிப் பழகலாம். அடுத்துச் சொல்லப்போகும் அட்டவணை இருந்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

ஐந்தாவது வேலை: அட்டவணை

தேடும் வசதி வந்த பிறகு அட்டவணை எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். தேடல் ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஒரு பொருள் எங்கே பேசப்படுகிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது.

நம் மாணவியின் பாடத்தையே பார்ப்போம். 'இக்தா' முறையைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வருகிறது. ஒரு ஸ்லைடில் 'இக்தா' என்று இருக்கிறது. இன்னொரு ஆசிரியர் 'நில ஒதுக்கீட்டு முறை' என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கிறது. 'இக்தா' என்று தேடினால் முதலாவது மட்டுமே வரும். ஒருவர் 'கில்ஜி' என்று எழுதுவார், இன்னொருவர் 'கல்ஜி' என்று எழுதுவார். 'ஔரங்கசீப்' என்றும் 'அவுரங்கசீப்' என்றும் இரண்டு விதமாக வரும். கணினிக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். இவர்கள் ஒருவர்தான் என்று தெரிந்தவள் மாணவி.

அட்டவணை போடும் முறை எளிது. எக்ஸெலிலோ சாதாரண நோட்டிலோ இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அது வரும் இடம். ஸ்லைடுகளை முதலிலிருந்து புரட்டிக்கொண்டே வர வேண்டும். தேர்வில் கேள்வியாக வரக்கூடிய ஒவ்வொரு பொருளையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'அலாவுதீன் கில்ஜி' என்று மட்டும் எழுதிப் பத்து இடங்களைப் போட்டால் பயன் குறைவு. 'அலாவுதீன் கில்ஜி: சந்தைக் கட்டுப்பாடு', 'அலாவுதீன் கில்ஜி: தென்னகப் படையெடுப்பு', 'அலாவுதீன் கில்ஜி: நில வரி' என்று பிரித்துப் போட்டால் கேள்வி வந்தவுடன் கை நேராக அங்கே போகும். சந்தைக் கட்டுப்பாடு, ஆட்சி முறையிலும் வரும், பொருளாதாரத்திலும் வரும். இரண்டு இடத்திலும் குறிக்க வேண்டும். ஒரு ஹதீஸை ஏழு இடங்களில் வைத்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் முறையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பெயர்களுக்கு 'கல்ஜி - பார்க்க: கில்ஜி' என்று ஒரு வரி போதும்.

இடத்தை எப்படிக் குறிப்பது? பலர் பிடிஎஃப் பக்க எண்ணைக் குறிப்பார்கள். ஆனால் நடுவில் விட்டுப்போன ஒரு வகுப்பின் ஸ்லைடைச் சேர்த்தால் அதற்குப் பின் உள்ள எல்லா எண்களும் மாறிவிடும். முன்னால் பொருளடக்கம் சேர்ந்தாலும் மாறும். போட்ட அட்டவணை முழுவதும் வீண். அதற்குப் பதிலாக, கோப்பு எண்ணையும் ஸ்லைடு எண்ணையும் சேர்த்து '02-7' என்று குறியுங்கள். இரண்டாம் கோப்பில் ஏழாவது ஸ்லைடு என்று பொருள். எத்தனை பக்கம் சேர்ந்தாலும் குறைந்தாலும் இது மாறாது. மறந்துபோன ஒரு வகுப்பு நடுவில் வந்தால் அதற்கு '02அ' என்று பெயர் வையுங்கள், மற்ற எண்களைத் தொட வேண்டாம். ஹதீஸை நாம் பக்க எண்ணைச் சொல்லிக் காட்டுவதில்லை, ஹதீஸ் எண்ணைச் சொல்லித்தான் காட்டுகிறோம். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் பக்கம் மாறும். ஃபுஆத் அப்துல் பாக்கி (ரஹ்) போன்றோர் இட்ட எண்கள் இன்று பல மொழிகளிலும் ஆதாரம் காட்டப் பயன்படுகின்றன. அதே பாடத்தை நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும்.

எல்லாம் எழுதி முடித்ததும் அகர வரிசைப்படுத்துங்கள். எக்ஸெலில் இது ஒரே சொடுக்கு. நோட்டில் எழுதுபவர்கள், ஆரம்பத்திலேயே ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். அட்டவணையையும் பிடிஎஃப் ஆக்கி நூலின் இறுதியில் சேர்த்துவிட்டால் நூல் முழுமை பெற்றுவிடும், இன்ஷா அல்லாஹ்.

இந்த வேலைக்கு ஒரு பாடத்துக்கு மூன்று நான்கு மாலைப் பொழுதுகள் ஆகலாம். 'இந்த நேரத்தில் படித்திருக்கலாமே' என்று தோன்றும். உண்மையில் இதுவும் படிப்புதான். ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து 'இது எந்தக் கேள்விக்குப் பதில்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் மாணவி, அட்டவணை முடியும்போது பாடத்தின் பெரும்பகுதியை மனதில் வாங்கியிருப்பாள். ஆகவே அட்டவணையை வேறு யாரோ போட்டுக் கொடுக்க விடாதீர்கள். கோப்புகளைச் சேர்த்துத் தரும் வேலையை அண்ணன் செய்யலாம், கம்ப்யூட்டர் சென்டரில் செய்து வாங்கலாம். பொருளைப் பிரித்து எழுதும் வேலையைப் படிப்பவர்தான் செய்ய வேண்டும். நான்கு தோழிகள் ஆளுக்கு ஒரு பாடம் என்று பங்கிட்டுக்கொள்வதைவிட, ஒரே பாடத்தை நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிப் போடுவது நல்லது.

மதரஸா மாணவர்களுக்கு

அரபிக் கல்லூரிகளிலும் இப்போது உஸ்தாதுகள் ஸ்லைடுகளும் பிடிஎஃப் குறிப்புகளும் தருகிறார்கள். மேலே சொன்ன முறை அவர்களுக்கும் பொருந்தும். அரபியில் ஒரு கூடுதல் கவனம் தேவை. ஹரகத் இட்ட சொல்லை ஹரகத் இல்லாமல் தேடினால் சில செயலிகளில் கிடைக்காது. எனவே அட்டவணையில் சொல்லை ஹரகத் இன்றி எழுதிக்கொண்டு, அதன் எதிரே பாடத்தின் இடத்தைக் குறிப்பது பயனுள்ளது. ஃபிக்ஹு குறிப்புகளில் மஸாயில்களைப் பொருள்வாரியாகவும், ஹதீஸ் குறிப்புகளில் அறிவிப்பாளர் பெயர்வாரியாகவும் இரண்டு அட்டவணைகள் போட்டால் ஓதி முடித்த பிறகும் வாழ்நாள் முழுவதும் உதவும்.

பாதுகாப்பும் அதபும்

முடிந்த நூலைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒன்று கணினியில் அல்லது பென்டிரைவில், இன்னொன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில். போனில் உள்ளதை நகலாக மட்டும் கருதுங்கள். தாளில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பவர்கள், ஒரு தாளுக்கு நான்கு அல்லது ஆறு ஸ்லைடு வருமாறு அச்சிட்டால் ஜெராக்ஸ் செலவு மிகவும் குறையும். ஸ்லைடு எண் அதிலும் தெரியும் என்பதால் அட்டவணை அதற்கும் பயன்படும்.

ஸ்லைடுகள் ஆசிரியரின் உழைப்பு. வகுப்புத் தோழிகளோடு பகிர்வதற்கும் பொதுவெளியில் பதிவேற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. வகுப்புக்கு வெளியே கொடுப்பதற்கு முன் ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அவரது பெயரை நீக்காதீர்கள். அதை விற்றுக் காசு பார்ப்பதோ, தான் தயாரித்ததாகக் காட்டிக்கொள்வதோ அமானித மோசடியாகிவிடும். ஆசிரியர் அனுமதித்தால், அடுத்த ஆண்டு வரும் ஜூனியர்களுக்கு அந்த நூலைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கல்லூரியே புதிதாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி! பயன் தரும் கல்வி, ஒருவர் மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த நன்மையில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு, ஒழுங்குபடுத்திய மாணவிக்கும் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்கு நீங்கள் கணினி கற்க வேண்டியதில்லை. செமஸ்டர் தொடங்கிய முதல் மாதத்திலேயே பிள்ளையிடம், "பாடத்தை எங்கே சேர்த்து வைக்கிறாய்? எனக்குக் காட்டு" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஜுமுஆ நாளில் அஸருக்குப் பின் அரை மணி நேரம், அந்த வாரத்து ஸ்லைடுகளுக்குப் பெயரிட்டு, சேர்த்து, அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள். வாரா வாரம் செய்தால் அரை மணி நேர வேலை. தேர்வுக்கு முந்தைய இரவு வரை விட்டுவைத்தால் எவராலும் முடியாத வேலை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, கற்றதைப் பேணிக்காக்கும் பொறுப்புணர்வையும், பிறருக்கு எடுத்துக்கொடுக்கும் நல்ல மனதையும் தந்தருள்வானாக! ஆமீன்.